நாச்சாத்தாள் பேசியது

காலையில் சோலார் பேனல் போட்ட காட்டுக்கு வழி கேட்டீங்களே, அப்பவே எல்லாம் சொல்லியிருப்பேன். உங்கள் பக்கத்தில் அந்த மேஸ்திரி நின்றதால் வாயை மூடிக்கொண்டேன். அவருக்கு என்னைக் கண்டால் ஆகாது. அவர் குரலில் வேலையாட்களுக்கு ஒருநாள் லீவு விட்டுவிட்டேன், அதிலிருந்து இப்படித்தான். உட்காருங்கண்ணா. ஊருக்குத் திரும்புகிற உங்கள் பஸ் இப்போதைக்கு வராது. நானும் ஒரு வண்டிக்குத்தான் காத்திருக்கிறேன். பஸ் இல்லை, டெம்போ. நாச்சாத்தாப் பெரியம்மா மாட்டோடு வந்து இறங்கப் போகிறார். பார்த்தால் நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் கதை தெரிந்தால்தான் சிரிப்பு வரும்.

என் பேர் சபரீஷ். யார் பேசினாலும் ரெண்டு பேச்சு காதில் விழுந்தால் போதும், தொண்டைக்குள் இறங்கிவிடும். நீங்கள் வழி கேட்டது எப்படி? "தம்பி, இந்த சோலார் சைட்டுக்கு எப்புடிப் போறது?" சரியா? 'எப்புடி'யில் ஒரு இருமல் மாதிரி வருகிறதே, வீட்டில் யாரும் சொன்னதில்லையா? கோவிச்சுக்காதீங்க. பதினொண்ணாவது படிக்கிறபோது ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கைப் பிடித்து "பலத்த மழை காரணமாக" என்று லீவு விட்டேன். வெளியே வெயில் கொளுத்துகிறது. ஆனாலும் பாதிப் பள்ளிக்கூடம் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. குரல்தான் அண்ணா எல்லாம். வானத்தை யார் பார்க்கிறார்கள்?

எங்கப்பா லாரி ஓட்டப் போனவர், வடக்கே எங்கேயோ இன்னொரு வீடு பிடித்து உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் அவர் குரலில் அம்மாவுக்குப் போன் போட்டேன். "சோறு இருக்குதா புள்ளே?" அவ்வளவுதான் சொன்னேன். அம்மா அன்றைக்குக் கறி எடுத்துச் சமைத்து, தலைக்குப் பூ வைத்து, வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான்தான் பேசினேன் என்று சொன்னபோது சிரிக்கவே இல்லை. அவளுக்குத் தமாஷ் புரியாது. கறியை நான்தான் தின்றேன்.

சரி, அந்த இடம் முன்னாடி என்ன என்று கேட்டீர்களே. கொரங்காடு. உழாத நிலம், மாடு மேய்வதற்கென்றே விட்டது. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல மரம், மற்றதெல்லாம் கொழுக்கட்டைப் புல். நாச்சாத்தாப் பெரியம்மா எங்கள் பக்கத்து வீடு. சொந்தமில்லை, பழக்கத்தில் பெரியம்மா. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. ரெண்டு மயிலைப் பசு. பழைய ஓனரிடம் அந்தக் காட்டை மேய்ச்சலுக்குப் பிடித்திருந்தார். மாட்டுக்கு அந்தப் புல், பெரியம்மாவுக்கு அந்த மாடு. புல் போனால் மாடு இல்லை, மாடு போனால் பெரியம்மா இந்த ஊரில் இல்லை. அவ்வளவு சின்னக் கணக்கு.

அந்தக் காட்டை ஜெபதாஸ் சார் வாங்கினார். கவர்மென்ட் வேலையில் இருந்து ரிடையர் ஆனவர். வீடு கோயமுத்தூரில், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு. வந்து இறங்கியதும் என்ன சொன்னார் தெரியுமா? இருங்கள், தொண்டையை மேலே தூக்க வேண்டும். ஆற்றுக்கு அந்தக் கரையில் நிற்கிறவனிடம் பேசுகிற மாதிரிதான் அவருக்கு எப்போதும் பேச்சு.

"எடே மக்கா! என்னடே இது, மொட்டையா கெடக்கு? எங்க ஊர்ல ஒரு சாண் எடம் இப்பிடிக் கெடக்காது பாத்துக்க. மரம் வைக்கணும்டே. மரம் வச்சா குருவி வரும், கீரி வரும், மொயலு வரும். எல்லாம் வரும்!"

எல்லாம் வருமாம்! புல்லுக்குள்ளே கௌதாரியும் முயலும் ஏற்கெனவே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. சாருக்குத் தெரியாது. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறவர். பறவை என்றால் கிளையில்தான் இருக்கும் என்று நினைப்பு. குழி வெட்ட ஜேசிபி வந்தது, கௌதாரி எல்லாம் ஒரே நாளில் ஓடிவிட்டன. குழியில் புன்னை வைத்தார், நாவல் வைத்தார், அப்புறம் அவர் ஊரிலிருந்து கார் டிக்கியில் வைத்துக் கொண்டுவந்த அயனிச் செடி. அயனி தெரியுமா உங்களுக்கு? பலாவுக்குத் தம்பி மாதிரி. கோடையிலும் மழை பெய்கிற ஊர் மரம். எங்கள் ஊரில் கடைசியாகப் பெய்த மழை ஹெட்மாஸ்டர் மைக்கில் பெய்ததுதான்.

வாரக் கடைசியில் வருவார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஒன்றும் வராது. முகம் தொங்கிப் போகும். எனக்குத் தாங்குமா? வேலிக்குப் பின்னால் போய் ஒரு கௌதாரிக் குரல் கொடுத்தேன். சார் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எடே! கேட்டியாடே? வந்துட்டுடே! செடி வச்சு மாசம் ஒண்ணு ஆகல்ல, அதுக்குள்ள வந்துட்டு பாரு!" கண்ணில் தண்ணீர் அண்ணா. இருந்ததை எல்லாம் துரத்திவிட்டு, இல்லாத ஒன்றுக்கு அழுகிறார். நான் வேலிக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டேன். கிளுவை முள் முதுகில் ஏறியதுகூடத் தெரியவில்லை. அப்புறம் வாரா வாரம் ஒன்று. செம்போத்து, மீன்கொத்தி, குக்குறுவான். ஒருநாள் அலுத்துப் போய் எங்கள் வீட்டு மிக்ஸி மாதிரி கத்திவிட்டேன். அதற்கும் ஒரு பறவை பேர் கண்டுபிடித்தார்!

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். காடு கைமாறியதும் அவர் கேட்டில் போய் நின்றார். பெரியம்மா பேச்சு எப்படி என்றால், முதலில் மூக்கை ஒரு உறிஞ்சு. அப்புறம் வார்த்தை. கடைசி எழுத்தை வெளியே விடாமல் பாதியில் விழுங்கிவிட வேண்டும்.

"ம்ஹ்... ஏனுங் சார். என்ற மாடு இனி எங்கீங் போவும்?"

"எம்மா, மாடு வந்தா செடியத் திங்கும்லா?"

"திங்காதுங். நான் சொன்னா கேக்கும்."

"மாடு கேக்குமாக்கும்?"

"என்ற மாடு கேக்கும். உங்க செடி நீங்க சொன்னா கேக்குதான்னு பாத்துக்கோங்."

சார் சிரித்தார் பாருங்கள், வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரிப் பாதை வரைக்கும் கேட்டது. அங்கேயே ஒப்பந்தம் ஆகிவிட்டது. பாதிக் காட்டில் மாடு, பாதிக் காட்டில் செடி, நடுவில் முள்படல். பெரியம்மா வேலா முள்ளை வெட்டி ஒவ்வொரு செடிக்கும் கூண்டு கட்ட வேண்டும், வாரம் முழுக்கக் குடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். பதிலுக்கு மேய்ச்சல் சும்மா. நல்ல ஏற்பாடுதான். ரெண்டு பேருக்கும் சந்தோஷம். சார் ஊரிலிருந்து நேந்திரங்காய் வறுவல் கொண்டுவருவார், பெரியம்மா தூக்குப் போசியில் மோர் கொண்டுவருவார்.

இதில் ஒரே ஓட்டை என்னவென்றால், சார் வருவது வாரத்துக்கு ஒருதரம். மற்ற நாளெல்லாம் போன். பெரியம்மா போன் பட்டன் போன். நம்பரைப் பார்க்கவே மாட்டார், காதில் வைத்து, குரலை வைத்துத்தான் ஆள். அதிலும் அவர் வீட்டு பிளக் எரிந்து போய்விட்டது, சார்ஜ் போட எங்கள் வீட்டில்தான் கொடுப்பார். "சபரீசு, இதக் கொஞ்சம் சொருகி உடு சாமி." யார் கையில் கொடுக்கிறார் பாருங்கள்! இதற்கு மேலும் நான் சும்மா இருந்தால், சாமி கொடுத்த தொண்டைக்கு என்ன மரியாதை?

முதலில் சின்னதாகத்தான் ஆரம்பித்தேன். என் போனிலிருந்து சார் குரலில் பெரியம்மாவைக் கூப்பிட்டேன். "எம்மா! கேக்குதா? தண்ணி ஊத்தும்போ சும்மா ஊத்தப்பிடாது கேட்டியளா. செடிக்கு மனுஷ சத்தம் வேணும். நீங்க யாரு, என்ன, ஒவ்வொண்ணுகிட்டயும் பேரு சொல்லி ஊத்தணும்." மறுநாள் நானும் பசங்களும் வேலி ஓரம் போனோம். பெரியம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு செடி செடியாகப் போய்க் குனிகிறார். "நாந்தானுங் நாச்சாத்தா. தண்ணி கொண்டாந்துருக்கறனுங். குடிங்." அடுத்த செடி. "நாந்தானுங் நாச்சாத்தா." ஒரு அயனி காய்ந்து குச்சியாகவே நிற்கிறது, அதனிடமும் சொல்கிறார், கொஞ்சம் சத்தமாக, காது கேட்காதவர்களிடம் சொல்கிற மாதிரி! வீடியோ எடுத்தோம். இருக்கிறது, அப்புறம் காட்டுகிறேன்.

அந்த வாரம் சார் வந்து இதைப் பார்த்துவிட்டார். மாட்டினோம் என்று நினைத்தேன். "எம்மா, செடிகிட்ட பேசுதியளா?" என்று கேட்டார். "நீங்கதானுங் சொன்னீங்" என்றார் பெரியம்மா. சார் யோசித்தார். "நானா? சொல்லியிருப்பேன். வயசாயிட்டுல்லா." அதோடு விட்டாரா? அவரும் குடத்தைத் தூக்கிக்கொண்டார். "நான் ஜெபதாஸ்டே. குடிச்சுக்க." அங்கே அவர், இங்கே இவர். ஊமைச் செடிகளுக்கு நடுவில் ரெண்டு பேரும் பேர் சொல்லிக்கொண்டு அலைகிறார்கள். நான் போட்ட தாளத்துக்கு!

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். எப்படிண்ணா நிறுத்துவது? எது சொன்னாலும் ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே செய்தால் அதில் என்ன ருசி? அதுவுமில்லாமல், சாருக்கு என் கௌதாரியே மறந்து போய்விட்டது. நான் வேலிக்குப் பின்னால் தொண்டை கிழியக் கத்துகிறேன். அவர் வெள்வேல மரத்தடியில் மோர் குடித்துக்கொண்டு பெரியம்மாவிடம் ஊர்க்கதை கேட்கிறார். ஒருதரம் கையை வேலிப் பக்கம் ஆட்டி "இருடே, பேசிட்டிருக்கம்லா" என்றார். பறவையிடம்! அன்றைக்குத்தான் தன் பிள்ளைகளைப் பற்றிப் பெரியம்மாவிடம் சொன்னார். போன் போட்டால் எடுப்பதில்லை, எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள், பேசிக்கொண்டே இருக்கும்போது அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று தெரிகிறது. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை என்றார். எனக்கு நன்றாகக் கேட்டது.

அந்த வாரம் பெரியம்மா போன் சார்ஜுக்கு வந்தது. எடுத்தேன். மூக்கை ஒரு உறிஞ்சு.

"ம்ஹ்... ஏனுங் சார், நாச்சாத்தா பேசறேன். பாதிக் காடு ஆருக்குங் வேணும்? முழுசையும் உடுங். இல்லாட்டி உங்க அயனியை ஒண்ணொண்ணாப் புடுங்கி எறிஞ்சுபோடுவேன். பெத்ததுகளே உங்க பேச்சை ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் போயிருதுங், மரம் மட்டும் நின்னு கேக்குமாக்கும்?"

நானாக இருந்தால் திட்டியிருப்பேன். சார் என்ன கேட்டார் தெரியுமா? "எம்மா, உடம்புக்கு வல்லதும் செய்யுதா? சாப்பிட்டியளா?" எனக்கு வந்தது பாருங்கள் எரிச்சல். இவ்வளவு அருமையாகச் செய்திருக்கிறேன், கோபப்பட வேண்டாமா? சரி, சொன்னதைச் செய்துகாட்டினால்தான் நம்புவார் என்று, பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் முள்கூண்டைப் பிரித்து அயனிகளைப் பிடுங்கி, கேட்டுக்கு முன்னால் வரிசையாகப் படுக்க வைத்தேன். ஒரு வேலை எடுத்தால் முழுசாகச் செய்ய வேண்டும் இல்லையா?

பெரியம்மா தண்ணீர் ஊற்ற வந்து அதைப் பார்த்து அலறிக்கொண்டு சாருக்குப் போன் போட்டார். சார் அன்றைக்கே கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் ஒன்றும் தெரியாத மாதிரி பக்கத்தில் நின்றேன். பெரியம்மா, "எந்தப் பாவி கை புடுங்குச்சோ தெரியலீங் சார்" என்று அழுகிறார். சார் போனை எடுத்தார். அவர் போனில் வருகிற பேச்செல்லாம் தானாகப் பதிவாகும், எனக்குத் தெரியாது. அந்தப் பதிவைத் தேடி எடுத்தார். போட்டார். "ம்ஹ்... ஏனுங் சார், நாச்சாத்தா பேசறேன்..."

பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் "இன்னொருக்காப் போடுங்" என்றார். போட்டார். ஸ்பீக்கர் என்ற இடம் வந்ததும் சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது என்ற கொரலுதானுங்" என்றார் பெரியம்மா.

"பின்ன நீங்கதானே சொல்லியிருக்கிய?"

"கொரலு என்றதுங். சொன்ன நெனப்புத்தான் இல்லீங்."

"என் பிள்ளையள பத்தி நான் உங்ககிட்ட மட்டும்தாம்மா சொன்னேன்."

"ஆமாங். என்றகிட்டத்தான் சொன்னீங்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அப்ப நாந்தான் சொல்லியிருப்பனாட்ட இருக்குதுங்." அப்புறம் ரெண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கையைப் பார்த்தார், புறங்கையைப் பார்த்தார். "செடியையும் நாந்தான் புடுங்கியிருப்பனாட்டங்."

அண்ணா! இதற்கு மேல் ஒரு சர்டிபிகேட் வேண்டுமா? டிவியில் மேடை போட்டு, ஜட்ஜ் வைத்து, மார்க் போடுகிறார்களே, அவர்களில் ஒருத்தனுக்காவது இது கிடைத்திருக்குமா? குரலுக்குச் சொந்தக்கார ஆளே காதால் கேட்டு, என்னுடையதுதான் என்று கையெழுத்துப் போடாத குறை! எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. யாரிடமும் சொல்ல முடியவில்லையே என்பதுதான் ஒரு குறை.

சார் அன்றைக்குத்தான் முதல்தரம் மெதுவாகப் பேசினார். "செடி போனா போட்டும்மா. டாக்டர ஒண்ணு பாருங்க. ஆனா இனி கேட்டைத் தொறந்து வைக்க எனக்கு மனசு வரல்ல." அந்தக் குரலை எவ்வளவோ முயற்சி பண்ணினேன், எனக்கு வரவில்லை. ரொம்பச் சின்னதாக இருந்தது. பூட்டை எடுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெரியம்மா அதற்கப்புறம் பேசுவதையே விட்டுவிட்டார். தன் வாயிலிருந்து என்ன வருமோ என்று பயம். பால் வாங்க வருகிறவர்களிடம் கையால் சைகை. எங்கம்மா கூப்பிட்டால் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார். மாட்டை அதட்டக்கூட மாட்டார், "ஹை" என்று ஒரு சத்தம் வராது. மாடு ரெண்டும் பூட்டின கேட்டில் போய் நின்று தலையை முட்டும். காசுக்குச் சோளத்தட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் சந்தைக்கு ஓட்டிப் போனார். வெறும் கயிற்றோடு திரும்பி வந்தார். மகள் வந்து திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை. அங்கே மெஷின் சத்தத்தில் யாரும் பேச மாட்டார்கள், சௌகரியம்தான்.

காடு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை, செடி காய்ந்தது. மேய மாடு இல்லை, புல் இடுப்புக்கு வளர்ந்து அதுவும் காய்ந்தது. பங்குனியில் யாரோ இட்டேரியில் பீடியைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மதியம் போதும். வேலி, புன்னை, நாவல், எல்லாம் கரி. சார் வந்து குடை பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். பாவமாக இருந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லையண்ணா. வேலி இல்லை, ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து கௌதாரி கொடுத்தேன். சார் நிமிர்ந்தார். குடையை மடக்கினார். "எடே, ஒண்ணு மிச்சம் இருக்குடே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த ஒன்றுக்காக விற்காமல் வைத்திருந்தார். வாரா வாரம் வந்து கரிக்குள் தேடினார், குருணை அரிசி இறைத்தார். எனக்குப் பரீட்சை வந்துவிட்டது, போக முடியவில்லை. ரெண்டு மூன்று வாரம் சத்தம் வராததும் அதுவும் செத்துவிட்டது என்று முடிவு பண்ணி உங்கள் பேனல் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். நீங்கள் எல்லாம் எனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், தெரியுமா?

அதற்கப்புறம் ஊர் சப்பென்று போய்விட்டது. சார் வருவதில்லை, பெரியம்மா இல்லை. பேனல் பேசாது. யார் குரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? போன வாரம் தாங்க முடியாமல் சார் குரலில் திருப்பூருக்கு ஒரு போன் போட்டேன்.

"எம்மா! கேக்குதா?"

சத்தமே இல்லை. மூச்சு மட்டும். வைத்துவிடலாம் என்று நினைத்தபோது, மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம்... ஐயோ, இதைக் கேளுங்கள், இந்தக் கதையிலேயே பெரிய சிரிப்பு இதுதான்.

"சார்... நான் பேசலாமுங்களா?"

பேசலாமுங்களா! துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். அப்புறம் ஒரு வழியாகச் சமாளித்துச் சொன்னேன். "பேசலாம் எம்மா. தப்பு எனக்க பேர்லதான். நீங்க ஒண்ணும் சொல்லல்ல, செடியையும் நீங்க புடுங்கல்ல. எல்லாம் தெரிஞ்சு போச்சு. கேட்டைத் தொறந்து போட்டிருக்கேன். புல்லு இடுப்பளவு நிக்குது. மாட்டைக் கூட்டிட்டு வந்துருங்க. எனக்க நம்பர் மாறிட்டு, இனி இதுலயே கூப்பிடுங்க."

அந்த அம்மா அழுதது பாருங்கள். அதிலிருந்து தினமும் சாயங்காலம் எனக்குப் போன். "சார், சாப்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். என்ன சாப்பிட்டேன், தலைக்கு எண்ணெய் வைத்தேனா, பிள்ளைகள் பேசினார்களா, எல்லாம் விசாரிப்பார். நானும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன், ஒரு மணி நேரம் ஆகிவிடும். என்னையா கேட்கிறார், சாரைத்தானே. ஆனாலும் ஆறு மணி ஆனால் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். கம்மலைக் கழற்றி விற்று, சந்தையில் மாட்டை வாங்கிப் போனவனைத் தேடிப் பிடித்து, ரெண்டில் ஒன்றைத் திரும்ப வாங்கிவிட்டார். மகள் "போறதுன்னா இந்த வாசப்படி மறுபடி ஏறாதே" என்று சொல்லிவிட்டாளாம். "பரவால்லீங் சார், கேட்டு எனக்குத் தொறந்துருச்சே" என்கிறார். கேட்டு! அங்கே ரெண்டு ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி, வாட்ச்மேன், நாய்!

அதோ, டெம்போ. பார்த்தீங்களா பார்த்தீங்களா. ஐயோ, கொம்புக்கு மஞ்சள் பூசிக் கூட்டி வந்திருக்கிறார். சிரிக்காதீங்கண்ணா, இப்போது சிரித்தால் கெட்டுவிடும்.

வாங் பெரீம்மா! வாங். நல்லாருக்கறனுங். அம்மாவும் நல்லாத்தான் இருக்குது. மாடு எளைச்சுப் போச்சுங்களே. சாருங்களா? காலையிலயே வந்துட்டாருங். காட்டுலதான் நிக்கறாரு, உங்களத்தான் பாத்துட்டு நிக்கறாரு. இவருங்களா? இவரு பஸ்ஸுக்கு நிக்கறவருங். என்னங் பெரீம்மா? நான் பேசோணுமா? நீங்களே பேசுங்களே. சரி, சரி, போனைக் குடுங்.

கேட்டீங்களாண்ணா? வந்துவிட்டேன் என்று சாருக்குச் சொல்ல வேண்டுமாம். தான் பேசினால் வாயில் ஏதாவது தப்பாக வந்துவிடுமாம், அதனால் என்னைப் பேசச் சொல்கிறார். என்னை! சாரிடம்!

சொல்லிட்டனுங் பெரீம்மா. சீக்கிரம் வரச் சொல்றாரு. நீங்க மாட்டைப் புடிச்சுட்டு நடங், நான் பின்னாடியே வாரேன்.

நீங்கள் எங்கேண்ணா எழுந்துவிட்டீர்கள்? உங்கள் பஸ் அந்தப் பக்கம் வராதே. கையை விடுங்கண்ணா, வலிக்கிறது. சரி, பெரியம்மாவிடம் சொல்லுங்கள், சொல்ல வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் இப்போது வேண்டாம். இட்டேரி திரும்பினால்தான் பேனல் கண்ணில் படும், அது வரைக்கும் நடக்கட்டும். அந்த இடத்தில் பெரியம்மா தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வருமில்லையா, அது மட்டும்தான் எனக்கு இன்னும் வராது.